ஒரு பாட்டில் ஏற்றினால் என்ன?

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அம்மாவுக்கு ரெண்டு நாளா ரொம்ப அசதியா இருக்குங்க. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, தெம்பு வந்துடும்." புறநோயாளிப் பிரிவில் உட்காரும் எந்த மருத்துவரும் இதைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடக்க முடியாது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, சூடு பண்ணுமா, எத்தனை நாளைக்கு என்று அடுக்கடுக்காகக் கேட்கிறவர்கள்தான் நீங்கள். அதே நீங்கள், ரத்தத்துக்குள் நேராக அரை லிட்டர் திரவம் இறங்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தண்ணீர்தானே, உப்புதானே, சர்க்கரைதானே என்ற நம்பிக்கை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கம்பியில் தொங்குவது மருந்து. மற்ற எந்த மருந்தையும் போல அதற்கும் காரணம் வேண்டும், அளவு வேண்டும், வேகம் வேண்டும், எப்போது நிறுத்துவது என்ற கணக்கு வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அது கெடுதல் செய்யும். சில நேரம் உயிரையே எடுக்கும்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் குளுக்கோஸ். '5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ்' என்று அச்சிட்ட அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். அதிலிருந்து கிடைப்பது சுமார் 85 கலோரி. இரண்டு இட்லியில் கிடைக்கிற சக்திதான். இட்லியில் பருப்பின் புரதமும் உண்டு. பாட்டிலில் அதுவும் இல்லை. "ஏத்துனதும் தெம்பா இருந்துச்சே" என்பீர்கள். மூன்று மணி நேரம் படுத்து ஓய்வெடுத்திருக்கிறீர்கள், யாரோ அக்கறையாகக் கவனித்திருக்கிறார்கள், நீர் வற்றியிருந்தால் அதுவும் சரியாகியிருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவருக்கோ அந்த 25 கிராமும் நேராக ரத்தத்தில் ஏறும்.

அடுத்தது சலைன். வார்டில் 'என்.எஸ்.' என்பார்கள். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. அரை லிட்டரில் நாலரை கிராம். வயது வந்தவர் ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரத்தக்கொதிப்புக்காரர் ஊறுகாயைத் தொடாமல் இருந்துவிட்டு, அசதிக்கு இரண்டு பாட்டில் சலைன் ஏற்றிக்கொண்டால் 9 கிராம் உப்பு உள்ளே போய்விட்டது. இதற்கு 'நார்மல்' என்று பெயர் இருந்தாலும், நம் ரத்தத்தின் உப்பளவும் இதுவும் ஒன்றல்ல. ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்கு 100 மில்லிமோல் அளவில் இருக்கும், சலைனில் 154. லிட்டர் கணக்கில் ஏற்றினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். 'ஆர்.எல்.' என்கிற ரிங்கர் லாக்டேட் ரத்தத்தின் உப்பளவுக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் அதில் பொட்டாசியமும் கால்சியமும் கலந்திருக்கின்றன. அதிலிருக்கும் கால்சியம் ரத்தத்தை உறையச் செய்யக்கூடும் என்பதால், ரத்தம் ஏற்றும் அதே குழாயில் ஆர்.எல். ஓடக்கூடாது. டெக்ஸ்ட்ரோஸும் கூடாது, அது சிவப்பணுக்களைச் சிதைக்கும். ரத்தத்தோடு ஓடக்கூடியது சலைன் ஒன்றுதான்.

வாயால் குடிக்கும்போது உடம்பு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. தாகம் தணிந்தால் குடிக்கப் பிடிக்காது. வயிறு நிரம்பினால் குமட்டும். குடல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். கையில் ஊசி ஏறிவிட்டால் இந்தத் தடைகள் எதுவும் கிடையாது. குழாயிலுள்ள வேகம் கூட்டிக் குறைக்கும் உருளையை எவ்வளவு திறந்து வைத்தோமோ அவ்வளவும் உள்ளே போகும்.

காலரா கற்றுக்கொடுத்த பாடம்

இந்தச் சிகிச்சை பிறந்தது காலராவில். 1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, 22 வயது மருத்துவர் வில்லியம் ப்ரூக் ஓ'ஷாக்னெஸ்ஸி நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். அதில் நீரும் உப்புகளும் பெருமளவு குறைந்திருந்தன. அடுத்த ஆண்டு மே மாதத்தில், ஸ்காட்லாந்தின் லீத் துறைமுக ஊரில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர் அதைச் செயலில் காட்டினார். அவருடைய முதல் நோயாளி சாகும் தறுவாயில் கிடந்த ஒரு மூதாட்டி. லட்டா அவர் கையின் ரத்தக்குழாயில் உப்புநீரைச் சிறுகச் சிறுகச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் போயிற்று. குழிவிழுந்த கண்கள் தெளிந்தன, நாடி திரும்பியது, மூதாட்டி பேசினார். ஆபத்து நீங்கிவிட்டதென்று நினைத்த லட்டா அவரை மருத்துவமனை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். வாந்தியும் பேதியும் மறுபடி தொடங்கின. மறுபடி ஏற்ற யாருமில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவர் இறந்துபோனார்.

கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, முதல் நோயாளியிடமே இந்தச் சிகிச்சை தன் முக்கிய விதியைச் சொல்லிவிட்டது: ஏற்றிவிட்டு நகரக்கூடாது. திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் கூட்ட வேண்டும், போதுமென்றால் நிறுத்த வேண்டும்.

தண்ணீர் மிஞ்சினால்

நிறுத்தத் தெரியாததால் வரும் தீங்குதான் இன்று நம் ஊரில் அதிகம். முதியவர்கள், இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் ஆகியோரின் உடம்பால் கூடுதல் நீரை வெளியேற்ற முடியாது. அது நுரையீரலில் தேங்கும். முதலில் இருமல், படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, பிறகு நுரையாகச் சளி. வீட்டுக்கே ஆள் வரவழைத்துப் பாட்டி தாத்தாவுக்குப் பாட்டில் ஏற்றுகிறவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வேன். ராத்திரி மூச்சு முட்டும்போது அங்கே ஆக்சிஜன் இருக்காது, மருத்துவரும் இருக்கமாட்டார்.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். டெங்குவில் அபாயக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் வரை ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசியும். அந்த நேரத்தில் கணக்குப் பார்த்து ஏற்றும் திரவம் உயிர் காக்கும். கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிரம்பும். ஆகவே டெங்கு வார்டில் நல்ல மருத்துவர் எப்போது தொடங்குகிறார் என்பதைப் போலவே எப்போது நிறுத்துகிறார் என்பதையும் பாருங்கள். "பிளேட்லெட் இன்னும் ஏறலையே, பாட்டிலை ஏன் நிறுத்துறீங்க?" என்று உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள். பாட்டில் பிளேட்லெட்டை ஏற்றாது.

மருத்துவ உலகமே இதில் அதிர்ச்சி அடைந்த ஆண்டு 2011. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் குன்றிய 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு அப்போது வெளியானது. ஃபீஸ்ட் ஆய்வு என்று அதற்குப் பெயர். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 விழுக்காடு. அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காடு. காப்பாற்றும் என்று எல்லோரும் நம்பிச் செய்ததே கூடுதல் உயிர்களை எடுத்திருந்தது. வயிற்றுப்போக்குக் குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர் இழந்த குழந்தைக்கு நீர் வேண்டும், அதில் மாற்றமில்லை. இழக்காத குழந்தைக்கு வேகமாக ஏற்றுவதுதான் கேள்வி.

உப்பு குறைந்தவர்களின் கதை

"அப்பாவுக்கு உப்பு குறைஞ்சிடுச்சாம், சோடியம் 112ஆம்." இப்போது ஊரெல்லாம் இந்தப் பேச்சு கேட்கிறது. ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். முதியவர்களுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் ஒரு வகையால் அது குறையலாம். வேறு நோய்களாலும் குறையலாம். உறவினர்கள் கேட்பது: "உடனே உப்பை ஏத்தி நார்மலுக்குக் கொண்டுவாங்க." அந்த 'உடனே'தான் ஆபத்து. நாள்கணக்கில் மெல்லக் குறைந்த சோடியத்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதை வேகமாகத் தூக்கிவிட்டால் மூளையின் தண்டுப்பகுதியில் நரம்பிழைகளின் உறை சிதையும். சோடியம் சரியாகி, ஆளும் தெளிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கும்போது, சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழும். பலருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 அல்லது 10க்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறோம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான். வலிப்பு வந்தவருக்கு முதல் சில புள்ளிகளை வேகமாக ஏற்றுவோம். அது தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்காணிப்போடு நடக்க வேண்டிய வேலை.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலின் சர்க்கரையை உடம்பு எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தையின் உடம்பு வலியாலும் வாந்தியாலும் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது உப்புக் குறைவான திரவத்தை ஏற்றினால் சோடியம் இறங்கி மூளை வீங்கும். வட அயர்லாந்தில் இப்படி நேர்ந்த குழந்தை மரணங்களைப் பற்றிய விசாரணை அறிக்கை 2018இல் வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 28 நாள் முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு வழக்கமாக ஏற்றும் திரவம் ரத்தத்துக்குச் சமமான உப்பளவு உடையதாக இருக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது.

குடிநோயாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள்கணக்கில் சாப்பிடாமல் குடித்துக் கிடந்தவரைத் தூக்கி வருவார்கள். குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். அவர் உடம்பில் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். குளுக்கோஸை எரிக்க அது தேவை. அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் கண் அசைவு பிறழும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அவர் குடிப்பவர் என்பதை மானத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள். தயமின் என்கிற அந்த பி1 ஊசி முதலில் போவது நீங்கள் சொல்லும் அந்த ஒரு உண்மையைப் பொறுத்திருக்கிறது.

சின்னக் குப்பி, பெரிய ஆபத்து

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் பள்ளி மாணவிகளே, இந்தப் பகுதி முக்கியமாக உங்களுக்கு. கேசிஎல் என்கிற பொட்டாசியம் குளோரைடின் 10 மில்லி குப்பியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் 20 மில்லி ஈக்குவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு 3.5க்கும் 5க்கும் இடையே. அந்தச் சிறு எல்லைக்குள்தான் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். இந்தக் குப்பியைக் கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அமெரிக்காவில் மரண தண்டனைக்குப் பயன்படுத்தும் ஊசி மருந்துகளில் இதுவும் ஒன்று என்றால் புரியும்.

தெரிந்தே யாரும் இதைச் செய்வதில்லை. இரவுப் பணியில், மங்கிய வெளிச்சத்தில், ஊசி மருந்து கரைக்கும் தண்ணீர்க் குப்பி என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். அதனால் 1998இல் அமெரிக்க மருத்துவமனைத் தர ஆணையமும், 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் நோயாளர் பாதுகாப்புத் திட்டமும் ஒரே யோசனையைச் சொல்லின: அடர்த்தியான பொட்டாசியத்தை வார்டு அலமாரியில் மற்ற குப்பிகளோடு வைக்காதீர்கள். தனியாகப் பூட்டி வையுங்கள், எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுங்கள், இருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே எடுங்கள். "கவனமாக இரு" என்ற அறிவுரையைவிடப் பூட்டு நம்பகமானது.

கலப்பதிலும் முறை இருக்கிறது. தொங்கி ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலில் கேசிஎல்லைச் செலுத்தினால் அது ஒரே இடத்தில் தேங்கி மொத்தமாக உள்ளே இறங்கும். பாட்டிலைக் கீழே எடுத்து, செலுத்தி, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். கையிலுள்ள ஊசி வழியே மணிக்கு 10 மில்லி ஈக்குவலன்ட் என்பது பொதுவான வரம்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் இசிஜி திரை முன்னால் இருக்க வேண்டும். நோயாளிக்குச் சிறுநீர் போகிறதா என்று பார்க்காமல் தொடங்கவே கூடாது.

பிரசவ வார்டில் மெக்னீசியம் சல்பேட். பேறுகால வலிப்பைத் தடுக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: முழங்கால் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16 இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போகிறதா. மருந்து மிஞ்சினால் முதலில் மறைவது முழங்காலின் துள்ளல், அடுத்தது மூச்சு. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்தக் கால்சியமும் குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோலும் சதையும் அழுகும். மெதுவாக, ஊசி நுனி உள்ளேதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு போடுங்கள்.

ஊசியும் பாட்டிலும்

தோலில் போட்ட துளை கிருமிக்கும் வாசல்தான். 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெவன்போர்ட் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகள் சிலர் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியபின் இறந்தார்கள். பாட்டில்களில் கிருமி வளர்ந்திருந்தது. தொழிற்சாலையில் நீராவியால் கிருமி நீக்கும் கருவியின் கீழ்த்தட்டு போதிய வெப்பத்தை எட்டவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. வெப்பப் பதிவுக் கருவி காட்டிய எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை.

தொழிற்சாலைத் தவறு இன்று அரிது; நாம் செய்யும் தவறு அரிதல்ல. பாட்டில் மெதுவாக ஓடுகிறதென்று அதன் மேல்பக்கத்தில் ஒரு ஊசியைக் குத்தி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தத் துளை வழியே வார்டுக் காற்று முழுவதும் உள்ளே போகிறது. அதைச் செய்யாதீர்கள். ஏற்றும் முன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் கலங்கல், துகள், கசிவு, காலாவதித் தேதி பாருங்கள். 100 மில்லி பாட்டில்களில் காய்ச்சல் மருந்தும் கிருமிக்கொல்லியும் ஒரே தோற்றத்தில் வருகின்றன. சீட்டைப் படிக்காமல் தொங்கவிடாதீர்கள். டயாலிசிஸ் செய்பவரின் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் ஊசி குத்தவே கூடாது.

உறவினர்களுக்கு ஒன்று. "சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்" என்று உருளையை நீங்களே தள்ளிவிடாதீர்கள். 20 சொட்டுக்கு ஒரு மில்லி விழும் குழாயில் அரை லிட்டரை 8 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 21 சொட்டு. நீங்கள் அதை 60 ஆக்கினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பாட்டிலில் பொட்டாசியம் கலந்திருந்தால்?

எல்லோரும் பயப்படுவது காற்றுக் குமிழிக்கு. கையில் ஓடும் குழாயில் ஒன்றிரண்டு சிறு குமிழிகளால் பொதுவாக ஆபத்தில்லை. பாட்டில் தீர்ந்தால் ஓட்டம் நின்று, ரத்தம் குழாயில் பின்னேறலாம். செவிலியரைக் கூப்பிட்டால் போதும். உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு: ஏற்றத் தொடங்கியதும் குளிர் நடுக்கம், உடம்பெங்கும் அரிப்பு, மூச்சிரைப்பு, ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், வீக்கம், சிவப்பு, நோயாளியின் பேச்சில் குழப்பம். இவற்றில் எது தெரிந்தாலும் உருளையை மூடுங்கள். ஊசியைப் பிடுங்காதீர்கள், மாற்று மருந்து கொடுக்க அந்த வழி தேவைப்படலாம். உடனே குரல் கொடுங்கள்.

வாய் திறந்திருக்கும்போது

ஓ'ஷாக்னெஸ்ஸி பிற்காலத்தில் வேலை தேடி வந்தது வங்காளத்துக்கு. அதே வங்காளத்தில்தான் 1971இல் அடுத்த பெரிய பாடம் கிடைத்தது. பங்களாதேஷ் போரில் அகதிகள் பெருகி, பன்கான் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கான பாட்டில்கள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையில் கொடுத்து, குடிக்கக் குடிக்கக் கொடுங்கள் என்றார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. அவர் மறைவுக்குப் பின், 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

குடலில் சர்க்கரை போகும்போது உப்பையும் கூட அழைத்துச் செல்லும். உப்புக்குப் பின்னே நீர் போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அறிவியல் அவ்வளவுதான். பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் முழுவதையும் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் அந்தப் பெயரை ஒட்டி விற்ற இனிப்புப் பானங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தடை போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைதானா என்று சீட்டில் பார்த்து வாங்குங்கள். குடிக்கவே முடியாத அளவு வாந்தி, நினைவு மங்கல், நாடி தளர்தல், சிறுநீர் நின்றுபோதல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே பாட்டில்தான் உயிர்.

ஆகவே, மருத்துவர் பாட்டில் எழுதும்போது நான்கு கேள்வி கேளுங்கள். எதற்காக? எந்தத் திரவம்? எவ்வளவு நேரத்தில்? எப்போது நிறுத்துவீர்கள்? இதய நோய், சிறுநீரக நோய், சர்க்கரை, கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள் என எல்லாவற்றையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'ஒரு பாட்டில் என்.எஸ்.' என்று மட்டும் எழுதாமல், மற்ற மருந்துகளைப் போலவே அளவும் வேகமும் நேரமும் எழுதுங்கள். மறுநாள் காலை மறுபடி தேவையா என்று பார்த்தபின் புதிதாக எழுதுங்கள்.

பாட்டில் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரை விட்டுவிட்டு, ஏற்றிவிடும் மருத்துவரைத் தேடிப் போகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நோயாளி போய்விடுவாரே என்ற பயத்தில் ஏற்றுகிற மருத்துவர்கள் உருவானது அப்படித்தான். இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இதை மாற்ற முடியும். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள்.